முதல் தொட்ட கை

செங்காந்தள் பூவுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமென்றால் நடுவில் ஒரு தரகர் வேண்டும். இதைக் கவிதை என்று நினைத்துவிட வேண்டாம், சுத்த விவசாயம். ஆறு இதழும் அடுப்புத் தீயைப் போல மேல்நோக்கி நெளிந்து நிற்கும். அதன் கீழே ஆறு கேசரங்கள் மகரந்தத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி சுற்றிலும் விரிந்திருக்கும். நடுவில் இருக்க வேண்டிய சூல்தண்டோ அடியிலேயே மடங்கி, 'உங்கள் சங்காத்தமே வேண்டாம்' என்று பக்கவாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும். ஒரே பூவுக்குள் இத்தனை வீம்பு. தேனீயை நம்பினால் காய் பிடிக்காது. அதனால் மூலனூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் ஆவணி பிறந்து பூ எடுத்துவிட்டால், வெடியால, அதாவது விடிந்தும் விடியாமலும், வெயில் ஏறுமுன் ஆட்கள் பந்தலுக்குள் நுழைந்து, ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் பூப்பூவாகத் தொட்டு வைப்பார்கள். ஐப்பசி வரைக்கும் அதே வேலைதான்.

திருமூர்த்தி அதைப் பார்க்கும்போதெல்லாம் தன் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாக நினைத்துக்கொள்வார். அவர் காந்தள் விதைத் தரகர். விவசாயிகள் அந்தச் செடியைக் கண்வலிக்கிழங்கு என்பார்கள். ஆடியில் கலப்பை போலக் கவைத்திருக்கும் கிழங்கை ஊன்றினால், கொடி கிளம்பி, இலை நுனியையே விரலாகச் சுருட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பந்தல் ஏறும். மாசியில் காய் வெடித்துச் சிவப்பு விதை சிந்தும். வேர் முதல் விதை வரை நஞ்சு. பந்தலில் வேலை செய்தவர்கள் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். ஆனால் அதே நஞ்சை இம்மி இம்மியாக அளந்து மூட்டு வீக்கத்துக்கு மாத்திரையாக்குகிறார்கள். வெளிநாட்டுக்காரன் கப்பல் அனுப்பி வாங்குகிறான். "கொல்றதும் அதுதான், காப்பாத்தறதும் அதுதான். எல்லாம் அளவுல இருக்குது, தரகு மாதிரி" என்பார் திருமூர்த்தி.

அவருடைய அப்பா கண்ணபுரம் சந்தையில் மாட்டுத் தரகர். அங்கே விலையை வாயால் பேச மாட்டார்கள். கையோடு கை கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். வெளியே பேச்சு மழையைப் பற்றியும் தேர்தலைப் பற்றியும் போய்க்கொண்டிருக்கும். விலை உள்ளே விரலில் நடக்கும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் இரண்டு, ஐந்தையும் பிடித்தால் ஐந்து. என்ன விலைக்கு முடிந்தது என்று பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. 'வாய் பொய் சொல்லும், விரல் சொல்லாது' என்பது அப்பாவின் வேதம். திருமூர்த்தி அந்தத் துண்டை அப்படியே விதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். மற்ற தரகர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

மரகதம் முதன்முதலாக அந்தத் துண்டுக்குள் கையை நீட்டிய மாசியை அவர் மறக்கவில்லை. புருஷன் போய் ஒரு வருஷம்கூட ஆகாத சமயம். சின்னப் பையனை வீட்டில் விட்டுவிட்டு, விதை மூட்டையோடு ஒற்றை மாட்டு வண்டியில் வந்து இறங்கினாள். பொம்பளை கையை எப்படித் துண்டுக்குள் பிடிப்பது என்று தரகர்கள் கூச்சப்பட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஏனுங்க, விலைல ஆம்பளை விலை, பொம்பளை விலைன்னு இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

திருமூர்த்திதான் துண்டை விரித்தார். அவள் கை வந்து, இலைமேல் இலை விழுந்த மாதிரி உட்கார்ந்தது. மற்றவர்கள் விரலை ஒடித்துவிடுவது போல இறுக்குவார்கள். இவள் பூவைத் தொடுகிற அதே தொடல்தான் தொட்டாள். ஆனால் விலையில் ஒரு நெல்லளவு இறங்கவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ மாசி வந்துவிட்டது. வருஷத்துக்கு ஒருநாள், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, துண்டுக்கடியில் இரண்டு கை. பேரம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் நீண்டுகொண்டே போனது. பக்கத்துக் கடை டீ ஆறிப் போகும். திருமூர்த்திக்கும் மனைவி போய் வெகுகாலம். மறுகல்யாணத்துக்கு வந்தவர்களையெல்லாம் ஏதேதோ நொட்டை சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். என்ன காரணம் என்று கேட்டவர்களிடம், விலை படியவில்லை என்பார்.

இப்படி இருந்த ஊருக்குத்தான் மருந்துக் கம்பெனி ஒன்று புது ரகக் கிழங்கைக் கொண்டுவந்தது. கூடவே ஷமீமா என்ற இளம் அதிகாரியையும் அனுப்பியது. திண்டுக்கல்காரப் பெண். சந்தைக்குள் வந்து முதலில் திருமூர்த்தியைப் பிடித்தால் மற்றவர்களைப் பிடித்த மாதிரி என்று கண்டுகொண்ட புத்திசாலி.

"பூவுக்கு மூக்கு வெச்சிருக்கோம்னு நெனச்சுக்குங்கண்ணா" என்று விளக்கினாள். "சாதாரணக் காந்தள் பச்சையா விரிஞ்சு, மஞ்சளாகி, செவக்கறதுக்கு நாள் ஆகுதுல்ல? இது மனுசத் தோல்ல இருக்கற எண்ணெய்ப் பிசுக்கு பட்டா அன்னிக்கு மத்தியானத்துக்குள்ளயே செவந்துரும். எந்தப் பூவுக்கு மகரந்தம் வெச்சாச்சு, எதுக்கு வெக்கலைன்னு தூரத்துலயிருந்தே தெரியும்."

"ரெண்டாவதா ஒருத்தரு தொட்டா?"

"காதுலயே வாங்காது. முதல் தொட்ட கைக்கு மட்டுந்தான் பதில் சொல்லும்."

"நல்ல குடும்பத்துப் பூவுங்க" என்றார் திருமூர்த்தி.

முதல் வருஷம் ஊரே கொண்டாடியது. கூலியாள் வேலை செய்தாரா, மரத்தடியில் படுத்தாரா என்று மத்தியானம் பந்தலே சொல்லிவிடும். பிறகு வேலாத்தாள் என்கிற கூலிக்காரியின் வரிசைகளில் மட்டும் பூ சிவக்காமல், அரைத்த மஞ்சள் மாதிரி நின்றது. அவள் சோப்பை மாற்றினாள், தேங்காயெண்ணெயை விட்டாள், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தாள். பூ அசையவில்லை. அடுத்த வருஷம் அவளுக்குக் கை ஆட ஆரம்பித்தது. அதற்கப்புறம் இன்னொருவர், அவருக்கும் அதே கதை.

ஷமீமா சந்தைக்கு வந்து, திருமூர்த்தியின் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, சொல்ல மனமில்லாமல் சொன்னாள். நடுக்குவாதம் வருகிறவர்களுக்கு, நடுக்கம் தெரிவதற்குப் பல வருஷம் முன்னாலேயே தோலின் எண்ணெய் மாறிவிடுகிறது. பூவின் மூக்குக்கு அது தெரிகிறது. யாரும் அதற்காக வைத்த மூக்கு இல்லை, தானாக அப்படி அமைந்துவிட்டது.

"வராமத் தடுக்க மருந்து இருக்குதுங்களா அம்மிணி?"

"தடுக்க இல்லண்ணா. வந்தா கொஞ்சம் தள்ளிப்போடலாம். முன்கூட்டியே தெரிஞ்சுக்கறது நல்லதுதானே?"

"சந்தைல முன்கூட்டியே தெரிஞ்ச சேதிக்கு ஒரு பேரு உண்டு" என்றார் திருமூர்த்தி. "விலை."

அவர் சொன்னபடியே ஆனது. வெள்ளகோவில் லாரி முதலாளிகள், டிரைவர் வேலைக்கு வருகிறவர்களுக்கு முன்னால் பூந்தொட்டியை வைத்தார்கள். சீட்டுக் கம்பெனியில் ஜாமீன் கையெழுத்தோடு பூவும் கேட்டார்கள். 'மஞ்சக்கை' என்று ஒரு புதுச் சொல் பிறந்து, பிறந்த வேகத்தில் வசைச்சொல்லாக வளர்ந்தது. கல்யாணத் தரகர்கள்தான் இதில் கெட்டிக்காரர்கள். இளசுகளின் கை எல்லாமே சிவக்கும், அதை நம்பிப் பயனில்லை. பெற்றவர்கள் கையைப் பார்த்தால்தான் வித்து எப்படிப்பட்டது என்று தெரியும் என்று கண்டுபிடித்தார்கள். வித்துக்கு வந்த நோவெல்லாம் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்று கட்டாயம் இல்லை என ஷமீமா கூட்டம் போட்டுச் சொன்னாள். கூட்டத்தில் மிக்சர் தீரும்வரை கேட்டார்கள்.

கடைசியில் ஊர் கூடி ஒரு கட்டுப்பாடு வைத்தது. இனிமேல் பந்தலுக்குள் யாராக இருந்தாலும் கையுறையோடுதான் நுழைய வேண்டும். ஒருவர் மட்டும் போட்டால் சந்தேகம். எல்லாரும் போட்டால் மானம். பூக்கள் மறுபடி பழையபடி தம் இஷ்டத்துக்கு நாள்கணக்கில் சிவந்தன. பழைய ரகத்தையே கட்டிக்கொண்டிருந்த மரகதமும், கம்பெனி இனிப் புது விதையை மட்டும்தான் வாங்கும் என்று ஆனதும், அந்த ஆடியில் மாற்றி ஊன்றினாள்.

அதற்கு முந்தைய மாசியில்தான் அது நடந்தது. வழக்கம்போலத் துண்டுக்குள் இரண்டு கை. வெளியே மரகதம் தன் பையன் சேனாபதிக்குத் திருப்பூரில் வேலை கிடைத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே மூன்று விரலைப் பிடித்தவள், பேச்சுவாக்கில் பிடித்தபடியே இருந்தாள். அப்போது திருமூர்த்திக்கு ஒரு நடுக்கம் தெரிந்தது. பெரிய நடுக்கமில்லை, கம்பியில் உட்கார்ந்த தும்பியின் இறகு மாதிரி. மற்றவர்களின் இறுகிய பிடியில் இப்படி ஒன்று இருந்தாலும் தெரியாது. இவள் மெல்லப் பிடிப்பவள், அதனால் தெரிந்தது. மரகதமும் பேச்சை ஒரு கணம் நிறுத்தியது போலிருந்தது. அன்றைக்கு அவர் பேரத்தை இழுக்காமல் சீக்கிரம் முடித்துவிட்டார்.

இரண்டு கை ஒன்றாகக் கிடக்கும்போது, நடுங்குவது எதிராளியின் கை என்றுதான் தரகனுக்குத் தோன்றும். எதிராளியின் நடுக்கத்தைப் பார்த்தே பிழைத்தவன் அவன். 'பாவம் மரகதம்' என்று திருமூர்த்தி அன்று ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

அந்தச் சந்தேகம் உறுதியாக ஒரு காரணமும் வந்தது. ஆவணியில் விதை வியாபாரிகள் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. விரல்தான் பேச்சு என்றிருக்கிற சந்தையில் ஆடுகிற விரலால் விலை புரண்டுவிடும். ஆகையால் தரகர்கள் எல்லாரும் ஒருமுறை பூவைத் தொட்டுக் காட்ட வேண்டும். பூ எங்கே என்று பார்த்தபோது, சந்தைக்குப் பக்கத்துத் தோட்டம் தன்னுடையதுதான், தானே கொண்டுவருகிறேன் என்று மரகதம் முன்வந்தாள். காலையில் ஒரு வாளித் தண்ணீரில் காம்போடு பூக்களை நிறுத்திக் கொண்டுவந்து, கையுறை போட்ட கையால் ஒவ்வொருவருக்கும் ஒன்றாக நீட்டினாள். திருமூர்த்திக்கு நீட்டியது நல்ல அகலமான பூ. மத்தியானம் அது குங்குமமாய்ச் சிவந்தது. காளியண்ணன் என்ற பழைய தரகருடையது மட்டும் மஞ்சளாகவே நின்றது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினார். அதற்கப்புறம் அவரோடு ஒருவரும் கை கோக்கவில்லை. நேற்றுவரை அவர் கையால் பிழைத்தவர்கள்கூட.

தன் கை சிவப்பு. அப்படியானால் நடுங்கிய கை எது? இதற்குக் கணக்கு வாத்தியார் வேண்டாம்.

ஐப்பசியில் சேனாபதிக்கு வெள்ளகோவிலில் பெண் அமைந்தது. இரண்டு பேரும் திருப்பூரில் ஒரே இடத்தில் வேலை. அவர்களாகவே பிடித்துப்போய்ப் பெரியவர்களிடம் தள்ளிவிட்டிருந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் அவினாசியப்பன்தான் பேச்சுக்கு வந்தார். நாலைந்து லாரிக்கு முதலாளி. பேசுவதெல்லாம் டயர் பார்த்து வாங்குகிற மாதிரி இருக்கும். பையனுக்கு அப்பா இல்லை என்பதால், அம்மா மட்டும் ஒருநாள் உறையில்லாமல் ஒரு வரிசையைத் தொட்டுவிடட்டும், மத்தியானம் ஒறம்பரையோடு, சொந்தபந்தம் எல்லாரோடும், வந்து பார்த்துவிட்டு விருந்து சாப்பிட்டு வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். ஊர்க்கட்டுப்பாடு இருக்கிறதே என்று, மரகதம் துணைக்கு அழைத்திருந்த திருமூர்த்தி நடுவில் புகுந்து பார்த்தார். அவினாசியப்பன் சிரித்தார்.

"கட்டுப்பாடு உங்க ஊருக்குங்க. பொண்ணு எங்க ஊருது."

"ஆகட்டுங்க" என்றாள் மரகதம், மோருக்கு உப்புப் போதுமா என்று கேட்டவளுக்குப் பதில் சொல்வது போல.

திருமூர்த்தி அவள் கையைப் பார்த்தார். இவளுக்குத் தன் கை தெரியாதா? தெரிந்துதான் துணிகிறாளா? அவினாசியப்பன் போன பிறகு, வேறு இடம் பார்த்தால் என்ன என்று சுற்றி வளைத்துச் சொன்னார். "பொண்ணு தங்கமுங்க. பையன் மூஞ்சியப் பாத்தீங்களா?" என்று அவள் முடித்துவிட்டாள். உன் கை நடுங்கியது என்று எந்த வாயால் சொல்வது? துண்டுக்குள் நடந்ததை வெளியே சொல்வது தரகனுக்குத் தர்மமில்லை.

ஆனால் ஷமீமா சொன்னது நினைவிருந்தது. முதல் தொட்ட கைக்கு மட்டும்தான் பூ பதில் சொல்லும்.

குறித்த நாளன்று கிழக்கு வெளுக்கும்போதே திருமூர்த்தி இட்டேரி வழியாக வந்தார். இரண்டு பக்கமும் கிளுவை வேலி உள்ள வண்டிப்பாதை அது. மரகதத்தின் பந்தல் அதை ஒட்டியே தொடங்கும். ஒறம்பரை கண்ணில் படுவது அந்த முதல் வரிசைதான். அவள் வீட்டில் விருந்துக்கு அடுப்பு மூட்டியிருந்தாள், புகை தெரிந்தது. அன்று புதிதாய் விரிந்த பூக்கள் பச்சையும் மஞ்சளுமாகப் பனியில் நனைந்து நின்றன. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பூப்பூவாகப் போனார். மகரந்தத்தைத் தொடவில்லை, அது அவள் வேலை. இதழை மட்டும், விரல் நுனியால், விடாமல். வாழ்நாளெல்லாம் இந்தப் பூவை வைத்துப் பிழைத்தவர், இன்றுதான் முதல்முறையாக ஒன்றையாவது அன்பாகத் தொடுகிறார் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. அவருடைய சிவப்பு அவளுக்கு இருக்கட்டும். தரகு வேண்டாம்.

வரிசை முடிந்ததும் வந்த வழியே போய், குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, ஒறம்பரையோடு வண்டியில் வந்து இறங்கினார்.

அவினாசியப்பன் முதலில் இறங்கினார். பின்னால் பெண்ணின் அப்பா, அம்மா, சித்திமார். மரகதம் மயில்கழுத்து நிறப் புடவையில் வேலி ஓரம் நின்று கும்பிட்டாள். சேனாபதி இளநீர்க் குலையோடு நின்றான். எல்லாருடைய கண்ணும் பந்தலுக்குப் போனது.

இட்டேரி வரிசை முழுக்க மஞ்சள். அப்படியொரு மஞ்சள், கல்யாண வீட்டில் அம்மிமேல் இருக்க வேண்டிய மஞ்சள்.

சேனாபதி அம்மாவைப் பார்த்தான். பெண்ணின் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள், கிளம்பத் தயாராவது போல. மரகதம் பூவைப் பார்த்தாள். பிறகு நேராகத் திருமூர்த்தியைப் பார்த்தாள். அவள் பார்த்தது தன் முகத்தை அல்ல, தன் கையை என்பது அவருக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் ஆனது. அந்த மூச்சுக்குள் எல்லாம் புரிந்துவிட்டது. மாசியில் தும்பி இறகடித்தது அவளுடைய விரலில் அல்ல.

காளியண்ணன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறியது கண்முன் வந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். பழி அவளோடு போகும், தொழில் தன்னோடு நிற்கும். அவர் வாழ்க்கையில் இவ்வளவு மலிவாக ஒரு பேரம் படிந்ததில்லை.

"அது என்ர கைங்க" என்றார் திருமூர்த்தி.

அவினாசியப்பன் திரும்பினார். "என்னங்க சொல்றீங்க? உங்க கை செவப்புன்னு சந்தையே சொல்லுது. இந்தம்மாவக் காப்பாத்தறதுக்குச் சொல்றீங்களா?"

"காப்பாத்தறதுக்குன்னுதான் வெடியால வந்து தொட்டனுங்க. இப்பச் சொல்றது நெசம்."

அதைச் சொன்ன பிறகுதான் இரண்டாவது சங்கதி அவருக்கு உறைத்தது. வெடியாலப் பொழுதில் ஒரு விதவையின் தோட்டத்துக்குள் இவருக்கு என்ன வேலை? சித்திமார் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே வாக்கியத்தில் கையும் போயிற்று, மானமும் போயிற்று. மொத்த வியாபாரம்.

மரகதம் முன்னால் வந்தாள். குரல் உயரவில்லை.

"ஒறம்பரை வெயில்ல நிக்கறீங்க. உள் வரிசைல தொடாத பூ இருக்குதுங்க. நான் ஒண்ணு தொடறேன், இவரு ஒண்ணு தொடட்டும். சோறு ஆறீட்டுக் கெடக்குது, சாப்புட்டு எளைப்பாறுங்க. பொழுதோட பூவே சொல்லட்டும்."

லாரி முதலாளிக்கு அது நியாயமாகப் பட்டது. பசியும் இருந்தது. இரண்டு பூவையும் அவரே தேர்ந்தெடுத்தார். இருவரும் ஆளுக்கொன்றைத் தொட்டதும், தன் கைக்குட்டையைக் கிழித்து இரண்டு காம்பிலும் அடையாளம் கட்டினார். பிறகு பந்தியில் உட்கார்ந்து, கவலையிலும் ரசம் நன்றாக இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார்.

திருமூர்த்தி சாப்பிடவில்லை. பந்தலுக்குள் வரப்பில் உட்கார்ந்திருந்தார். வலது கையை மடியில் வைத்து உற்றுப் பார்த்தார். அது ஒன்றும் தெரியாதது போல அமைதியாகக் கிடந்தது. மரகதம் ஒரு சொம்பு மோரோடு வந்து, இரண்டு பூவுக்கும் நடுவில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"சந்தைல செவந்துச்சுங்களே" என்றார் அவர்.

"அந்தப் பூவை நான் வெடியாலயே தொட்டுட்டுத்தான் கொண்டாந்தேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மாசில உள்ள என்னமோ ஆடுச்சு. உங்க கையா, என்ர கையான்னு தெரியல. ஆருகிட்டக் கேக்கறது? ஆவணி வரைக்கும் நெருப்பை மடில கட்டீட்டுக் கெடந்தேன். மொதப் பூ விரிஞ்ச அன்னிக்கு உறையக் கழட்டீட்டுத் தொட்டேன். இங்கயேதான் உக்காந்திருந்தேன். மத்தியானம் செவந்துச்சு." சொம்பைக் கீழே வைத்தாள். "செவந்ததப் பாத்துத்தானுங்க அழுதேன்."

திருமூர்த்தி பந்தலைப் பார்த்தார். இலை நுனிகள் கம்பியைச் சுற்றிக்கொண்டு கிடந்தன.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"நீங்க எங்கிட்டச் சொன்னீங்களா?"

மரகதம் மோர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். அவள் ஏற்கெனவே ஷமீமாவிடம் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியைப் பற்றி விசாரித்து வைத்திருப்பதாகவும், வாரா வாரம் பயிற்சி கொடுக்கிறார்கள் என்றும், கையை மட்டும் சும்மா வைக்கக் கூடாதாம் என்றும் சொன்னாள். யாருக்கென்று ஷமீமா கேட்டபோது சொந்தக்காரருக்கு என்று சொல்லிவைத்தாளாம்.

வெயில் தாழ்ந்தபோது அவினாசியப்பன் பல் குத்திக்கொண்டே வந்தார். பின்னால் எல்லாரும் வந்தார்கள். மரகதத்தின் பூ நெருப்பாய்ச் சிவந்திருந்தது. திருமூர்த்தியின் பூ, மஞ்சள். பெண்ணின் அம்மா முந்தானையைத் தளர்த்திவிட்டாள். பெண்ணின் அப்பா வந்து, எதற்கென்று தெரியாமல், திருமூர்த்தியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அவினாசியப்பன் மட்டும் தொண்டையைச் செருமினார். "தப்பா நெனைக்காதீங்க. கேட்டுப்போடறது நல்லது. இவருக்கும் உங்க வூட்டுக்கும் ரத்த வழில ஏதாவது சம்பந்தம் உண்டுங்களா?"

"இதுவரைக்கும் ஒண்ணுமில்லீங்க" என்றாள் மரகதம். "இனிமேத்தான்."

சேனாபதி இளநீர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தான். பிறகு திருமூர்த்திக்கு ஒரு இளநீர் வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும்படி கொடுத்தான். வெற்றிலை பாக்கு அன்று சாயங்காலமே மாறியது.

தையில் சேனாபதியின் கல்யாணம் முடிந்தது. அதற்குள் சந்தையும் மாறிவிட்டது. மஞ்சள் விவகாரம் தெரிந்ததும் சங்கம் துண்டு வியாபாரத்தையே நிறுத்தி, விலையை எழுத்தாகக் காட்டும் மின்பலகையைச் சுவரில் மாட்டியது. யார் விலை யாருக்கும் மறைவில்லை. திருமூர்த்தியைப் பழைய ஆட்கள் தூரத்திலிருந்து கும்பிட்டார்கள். சிலர் வம்பளந்து ஓய்ந்தார்கள். ஷமீமா ஒருமுறை வந்து, அந்த மூக்கை எடுத்துவிட்ட ரகம் தயாராகிறது என்று சொன்னாள். "எடுத்துட்டா, ஏற்கெனவே மோந்தது போயிருமா அம்மிணி?" என்று கேட்டார். பிறகு அவள் முகம் வாடியதைப் பார்த்து, அவள் செலவிலேயே டீ வாங்கிக் குடித்தார்.

மாசி வந்தது. அவர் சந்தைக்கு எதிரே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் சொன்னபடி ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தார். விதை வண்டிகள் வரிசையாகப் போயின. மரகதம் ஒரு வண்டியிலிருந்து இறங்கி, சந்தைக்குள் போகாமல், சாலையைத் தாண்டி நேராக வந்தாள். பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"துண்டைப் போடுங்க."

"நான் இப்பத் தரகன் இல்லீங்களே."

"நானும் விதை விக்க வரலீங்க."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான். திருமூர்த்தி சுற்றும் முற்றும் பார்த்தார். தோளிலிருந்து துண்டை எடுத்து விரித்தார். அவள் கை வந்தது, இலைமேல் இலை மாதிரி. இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தாள். என்ன விலை இது, எதற்கு என்று அவர் விழித்தார். அவள் வெளியே வெயிலைப் பற்றிப் பேசினாள். சித்திரையில் இப்படி அடித்தால் தாங்காது, வைகாசியில் கொஞ்சம் தணியும், முகூர்த்தமும் நிறைய இருக்கிறது என்றாள்.

சித்திரை ஒன்று. வைகாசி இரண்டு.

அவருக்குக் காது சூடாகியது. பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டால் அப்பாவின் ஆவி மன்னிக்காது. அவள் விரல் ஐந்தையும் சேர்த்துப் பிடித்தார், ஆவணி. இன்னும் கொஞ்சம் போகட்டும், இந்தக் கை எப்படி ஆகிறது என்று அவளும் பார்க்கட்டும். அவள் அதை உதறிவிட்டு மறுபடி இரண்டைப் பிடித்தாள். அவர் நான்கு என்றார். ஆடியில் எந்தப் பைத்தியக்காரன் தாலி கட்டுவான் என்று அவள் வாய்விட்டே சிரித்துவிட்டாள். டீக்கடையில் இருந்தவர்கள், வியாபாரம் நன்றாகப் போகிறது போல என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்போது துண்டுக்குள் அது ஆரம்பித்தது. தும்பி இல்லை இப்போது; சின்னக் குருவி. துண்டின் விளிம்பு வெளியே தெரியும்படி லேசாக அசைந்தது. அவர் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார்.

எத்தனையோ மாசியாக விரல் நுனியால் மட்டுமே தொட்டுப் பேசியவள், அன்றைக்கு அந்தக் கையை முழுதாக வாங்கி இறுக்கிப் பிடித்தாள். துண்டு அசையவில்லை.